மார்கழிக் கச்சேரிக்குச் சிறு அரங்கைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் மாதம் சென்னையில் ஒரு மாலையைக் கர்நாடக இசைக்கென ஒதுக்க விரும்புவோர், பெரிய சபாவின் பின்வரிசையில் அமர்ந்து ஒலிபெருக்கி வழியாகக் கேட்பதைவிட, மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள ராகசுதா அரங்கம் போன்ற சிறிய இடமொன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாடகர் மூச்செடுப்பதும், வயலின் வில் திரும்புவதும், தம்புராவின் நாதமும் அங்கே காதுக்கு மிக அருகில் இருக்கும்.

நாற்காலிகள் குறைவு என்பதால் அரை மணி நேரம் முன்னதாகச் சென்று, உங்களுக்கு இடப்புறமாக, இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையில் அமருங்கள். வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக் கலைஞர் பெரும்பாலும் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார்; மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் பக்கம், அவையை நோக்கி இருப்பதால், விரல்களின் ஓட்டத்தை அங்கிருந்து தெளிவாகக் காணலாம்.

பாட்டு நின்று தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிக்கு எழுந்து செல்லும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. சிறிய அரங்கில் அது மேடையிலிருப்பவரின் கண்ணெதிரே நிகழ்வதால் உண்மையாகவே மனத்தைப் புண்படுத்தும். கச்சேரியின் முதன்மை உருப்படியின், அதாவது மையப் பாடலின், தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே தனியைக் கேட்டுப் பாருங்கள். கணக்குகள் புரியாவிட்டாலும், தனியின் முடிவை அறிவிக்கும் தாளக் கோவையான மோரா முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சேரும் கணம் உங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். வெளியேற வேண்டிய கட்டாயம் இருந்தால், ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் எழுந்துகொள்ளுங்கள்.