கரண்ட் போனால் மட்டும் வெளியே வந்த பூனை

எட்டு மாதக் குட்டி, எல்லார் மடியிலும் ஏறித் தூங்குவது, திடீரென்று சமையலறைப் பக்கமே வராமல் பீரோவுக்கு அடியில் பதுங்க ஆரம்பித்தது. காதில் பூச்சி இருக்குமோ என்று கால்நடை மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை. தெருக் கடுவன் மிரட்டுகிறதோ என்று ஜன்னலைச் சாத்தினோம், பலனில்லை.

ஒரு விஷயம்தான் இடித்தது: கரண்ட் போனால் மட்டும் தானாக வெளியே வந்து சோம்பல் முறிக்கும். அப்போதும் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், ஆக ஃபேன் சத்தம் காரணம் இல்லை. இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்குகளாகப் பார்த்துக்கொண்டே போனால், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அம்மா மாட்டியிருந்த எலி விரட்டி! மீயொலி எழுப்பும் வகை. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும். கழற்றினேன். அன்று இரவே சமையலறை வாசல் வரை வந்தது, அந்த வாரத்துக்குள் பழையபடி மடி. அந்த விரட்டிக்கு எலி பயந்த மாதிரியும் தெரியவில்லை, இப்போது எலிப்பொறிதான்.