சாப்பிட்டதும் தள்ளாடும் நாய்: ஈரல் கோளாறு மூளைக்கு ஏறினால் வீட்டில் என்ன செய்வது

எங்கள் பூந்திக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. தூக்கி நடு அறையில் விட்டால் இடப்பக்கமாக வட்டம் போட்டுவிட்டு மறுபடி அதே சுவர். சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போலப் பந்தைக் கவ்விக்கொண்டு வந்தாள். முதலில் காட்டிய இடத்தில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் இன்னும் மந்தமானாள். உண்மையான காரணம் தலையில் இல்லை, வயிற்றில் இருந்தது என்று தெரிய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து அளவுகளை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் மற்றதெல்லாம் தானாகப் புரியும். குடலில் புரதம் செரிக்கும்போதும், அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் தங்கள் வேலையைச் செய்யும்போதும் அம்மோனியா உண்டாகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க ஒரு பெரிய சிரை வழியாக நேரே ஈரலுக்குப் போகும். ஈரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே இந்தச் சிரையிலிருந்து ஒரு குறுக்குக் குழாய் கிளம்பி ஈரலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. இதைத்தான் ஷன்ட் என்கிறார்கள். சுங்கச்சாவடியைத் தவிர்த்துக் குறுக்குச் சாலையில் போகும் லாரி மாதிரி, வடிகட்டாத ரத்தம் நேரே மூளைக்குப் போகும். மூளையில் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றிச் சமாளிக்கப் பார்க்கும், ஆனால் குளுட்டமின் சேரச் சேர அவையே தண்ணீரை இழுத்து வீங்கிவிடும். சுவரில் முட்டுவது, வட்டம் போடுவது, திடீரென்று கண் தெரியாதது போல நடப்பது, கடைசியில் வலிப்பு எல்லாம் அதன் விளைவுதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1877-இல் ரஷ்யாவில் நிகோலாய் எக் என்ற மருத்துவர் நாய்களுக்கு அறுவை செய்து, ஈரலுக்குப் போகும் ரத்தத்தை வேண்டுமென்றே வேறு சிரைக்குத் திருப்பிவிட்டார். எட்டு நாய்களில் ஒன்று மட்டும் இரண்டரை மாதம் தாக்குப்பிடித்தது, அதுவும் ஓடிப்போய்விட்டது! 1893-இல் பாவ்லோவும் (மணியடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் கதையில் வருபவரேதான்) அவருடைய கூட்டாளிகளும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதே அறுவையைச் செய்து பார்த்தபோது, இறைச்சி தின்ற நாய்கள் முரண்டு பிடித்தன, தள்ளாடின, பார்வை இழந்தன, வலிப்பு வந்து விழுந்தன. பிழைத்த நாய்கள் பிறகு இறைச்சியைக் கண்டாலே ஒதுங்கின என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை கறியும் அதுதான் என்று படித்தபோது எனக்கு உறைத்தது.

சரி, உங்கள் நாய்க்கு இது இருக்குமோ என்று எப்போது சந்தேகப்படுவது? ஷிட்ஸு, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், பக் போன்ற சின்ன ஜாதிகளில் இது அதிகம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய ஜாதிகளிலும் வரும், அவற்றில் குறுக்குக் குழாய் பெரும்பாலும் ஈரலுக்கு உள்ளேயே இருக்கும். கூடப் பிறந்த குட்டிகளைவிடச் சின்னதாக இருப்பது, அடிக்கடி வாந்தி, சிறுநீர் கழிக்க முக்குவது, கருத்தடை அறுவைக்குக் கொடுத்த மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆவது, இவையெல்லாம் குறிப்புகள். பூனையாக இருந்தால் எச்சில் ஒழுகுவது முன்னால் தெரியும். சிலவற்றுக்குக் கண்மணியைச் சுற்றிச் செம்பு நிறம் அடிக்கும்.

சந்தேகம் வந்த அன்றே இரண்டு வேலை செய்யுங்கள். வித்தியாசமாக நடக்கும்போது போனில் வீடியோ எடுங்கள், ஏனென்றால் டாக்டரிடம் கொண்டுபோகும் நேரத்தில் அது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒரு நோட்டு போட்டு, என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு மந்தமானது, மலம் எப்படி என்று எழுதுங்கள். எல்லா நாய்க்கும் சாப்பாட்டோடு கணக்காகப் பொருந்தி வராது, ஆனாலும் இரண்டு வாரக் குறிப்பு இருந்தால் டாக்டர் வலிப்பு மாத்திரையை எழுதும் முன் ஒரு நிமிடம் யோசிப்பார்.

பரிசோதனையில் முக்கியமானது பைல் ஆசிட் டெஸ்ட், அதாவது ஈரல் உண்டாக்கும் பித்த அமிலம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம், கொஞ்சம் சாப்பாடு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. ரத்த அம்மோனியாவும் பார்ப்பார்கள். இதில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: அம்மோனியா ரத்தத்தை எடுத்த உடனே ஐஸில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். பூந்தியின் முதல் மாதிரி யாரோ ஒருவர் சட்டைப்பையில் வெயிலில் ஊர் சுற்றிவிட்டு லேபுக்குப் போனது. வந்த எண்ணைப் பார்த்து வீடே அழுதது. மறுநாள் ஐஸில் வைத்துப் பார்த்தால் பாதிகூட இல்லை. குறுக்குக் குழாயை ஸ்கேனிலும், தேவைப்பட்டால் மருந்து ஏற்றிய சி.டி. ஸ்கேனிலும்தான் கண்டுபிடிப்பார்கள்.

இப்போது சாப்பாடு. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். என் மாமியார், "ஏம்ப்பா, புள்ள இப்படி மெலிஞ்சு போச்சே, ரெண்டு ஈரல் வாங்கிப் போடேன், ஈரலுக்கு ஈரல் நல்லது" என்றார். இந்த நாய்க்கு ஆட்டு ஈரலும் கோழி ஈரலும் கூடவே கூடாது. அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி ஊற்றுவதும் ஆபத்து. தசைகளும் கொஞ்சம் அம்மோனியாவை வாங்கி மாற்றுகின்றன, தசை கரைந்தால் அந்த உதவியும் போய்விடும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் புரதத்துக்குக் கீழே போகாமல், அதை இறைச்சியிலிருந்து பாலுக்கும் சோயாவுக்கும் மாற்ற வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் ஷன்ட் உள்ள நாய்களுக்குக் குறைந்த புரதமுள்ள இறைச்சி உணவையும் சோயா உணவையும் கொடுத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள்: இரண்டிலும் நாய்கள் தேறின, சோயாவில் அம்மோனியா இன்னும் குறைவாக இருந்தது.

நம் சமையலறையில் இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பூந்தி 5 கிலோ. அவளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் பனீர், 100 கிராம் தயிர், குழைய வடித்த சோறு ஒரு கப். சேர்த்தால் புரதம் பத்து, பதினொரு கிராம் வரும். சில நாள் பனீருக்குப் பதில் 10 கிராம் மீல் மேக்கரை வேகவைத்துப் பிழிந்து உதிர்த்துப் போடுவேன். உப்பு, வெங்காயம், தாளிப்பு எதுவும் இல்லை. இதை ஒரே வேளையாகக் கொட்டாமல் நான்கைந்தாகப் பிரிக்க வேண்டும். தயிர்ச்சோறு மட்டும் வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின், தாது குறைந்துபோகும், அதை டாக்டரிடம் சொல்லிச் சரிக்கட்டுங்கள்; கட்டுப்படியானால் ஈரலுக்கென்றே விற்கும் மருத்துவ உணவு சுலபம்.

அடுத்தது லாக்டுலோஸ் சிரப். மனிதர்களுக்கு மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். இது பெருங்குடலை அமிலமாக்கி, அம்மோனியா ரத்தத்துக்குள் போக முடியாதபடி பிடித்து வைத்து, மலத்தோடு வெளியே தள்ளிவிடும். வழக்கமாகக் கிலோவுக்குக் கால் முதல் அரை மில்லி, தினம் இரண்டு மூன்று வேளை என்று தொடங்குவார்கள். அதன்பின் அளவுகோல் மலம்தான்: நாளைக்கு இரண்டு மூன்று தடவை, களி மாதிரி இளக்கமாக. தண்ணீராகப் போனால் அளவு அதிகம், குறைக்க வேண்டும். பேதியில் உடம்பு வறண்டால் அதுவே மூளையைத் தாக்கும். பிசுபிசுப்பான மருந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக விடுங்கள், தாடி முடியை முன்பே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும். கூட மெட்ரோனிடசோல் (குடல் பாக்டீரியாக்களைக் குறைக்கும் மருந்து) கொடுத்தால் தள்ளாட்டம் கூடுகிறதா என்று பாருங்கள். அது உடம்பில் தேங்கினாலும் தள்ளாட்டம்தான் வரும், நோய் முற்றுகிறது என்று நினைத்து அளவைக் கூட்டிவிடக் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் திடீரென்று ஒரு நாள் சுருண்டு விழுந்தால் வேறு எங்கோ பற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எடின்பரோவில் ஆடம் கௌ என்ற கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் 2012-இல் ஒன்று காட்டினார்கள்: ஷன்ட் உள்ள நாய்களிலேயே, மூளை பாதித்தவற்றுக்கு, உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு கூடுதலாக இருந்தது. அம்மோனியா மட்டும் தனியாக ஆடும் ஆட்டம் இல்லை இது. அதனால் பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று, உண்ணிக் காய்ச்சல் எதையும் அசட்டையாக விடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் ரத்தம் குடித்தால் அந்தக் கசிந்த ரத்தமே செரித்து, உள்ளுக்குள் கறி விருந்து போட்ட கதையாகிவிடும். குடற்புழு மருந்துத் தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். மலச்சிக்கலும் அப்படியே. பாராசிட்டமால், மனிதர்களின் வலி மாத்திரை, சர்க்கரை இல்லாத மிட்டாயில் வரும் ஸைலிட்டால் மூன்றும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

நாய் நினைவில்லாமல் கிடந்தாலோ வலிப்பில் இருந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், லாக்டுலோஸையும்தான், நுரையீரலுக்குள் போய்விடும். சின்னக் குட்டிக்குச் சர்க்கரையும் இறங்கியிருக்கலாம், ஈறில் துளி தேன் தடவிவிட்டு வண்டியை எடுங்கள். ஆஸ்பத்திரியில் லாக்டுலோஸை ஆசனவாய் வழியாக ஏற்றுவார்கள்.

அறுவைச் சிகிச்சை செய்ய முடிந்த நாய்க்குச் செய்துவிடுவதுதான் நல்லது என்பது என் கட்சி. குறுக்குக் குழாயைச் சட்டென்று இறுக்கிக் கட்டினால் பழக்கமில்லாத ஈரல் அத்தனை ரத்தத்தைத் தாங்காது, அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து. அதனால் ஒரு சின்ன வளையம் மாட்டுவார்கள். அதன் உள்பக்கம் கேசீன், அதாவது நம் பனீரில் இருக்கும் அதே பால் புரதம், அது ஈரத்தை இழுத்து உப்பி, சில வாரங்களில் குழாயை மெல்ல மூடும். மாட்டிய முதல் சில நாள்களில் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு, அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருங்கள். வளையம் மாட்டியாயிற்றே என்று அன்றே கறிக்கடைக்குப் போகாதீர்கள். பனீரும் சிரப்பும் மறுபடி பைல் ஆசிட் பார்த்து டாக்டர் குறைக்கச் சொல்லும்வரை தொடர வேண்டும்.