கொட்டேஷன் படிக்கக் கற்ற கதை

சென்னையில் சேலையூர் பக்கம் என் மகள் வாங்கிய இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு இன்டீரியர் வேலை பார்க்க முதல் கொட்டேஷன் வந்தபோது, ஏழு பக்கத்தில் எனக்குப் புரிந்த சொற்கள் இரண்டுதான். ஒன்று டோட்டல், இன்னொன்று அட்வான்ஸ். மகளுக்கு ஆபீஸ். அதனால் வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு, முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ரிட்டயர் ஆன என் தலையில் வந்து விழுந்தது.

"ஆன்ட்டி, கார்கஸ் எம்.ஆர். போதுமா, பி.டபிள்யூ.பி. போடட்டுமா?" என்று டிசைனர் பெண் கேட்டாள். கார்கஸ் என்றால் செத்த மாட்டின் உடம்பு என்றுதான் எனக்குத் தெரியும். சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள். இது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? எதை வைத்து அளக்கிறார்கள்? சொன்ன விலைக்குள் இது அடக்கமா, தனியா? நீங்களும் இப்படி ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். அகராதியில் பொருள் தேடுவதைவிட இந்த மூன்றுக்கும் பதில் வாங்குவதுதான் காசைக் காப்பாற்றும்.

கார்கஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டால் மிச்சம் நிற்கும் பெட்டிதான் அது. ஆசாரி அதை 'பாக்ஸ்' என்பார். கதவுக்குப் பெயர் ஷட்டர். இரண்டுக்கும் வெவ்வேறு பலகை போடலாம், போடுவார்கள். எனவே "பிளைவுட் கிச்சன்" என்று யாராவது சொன்னால், பாக்ஸ் எது, ஷட்டர் எது, பின்பலகை எது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எங்கள் முதல் கொட்டேஷனில் பாக்ஸ் மட்டும் பிளைவுட். ஷட்டர் எம்.டி.எஃப்., அதாவது மரத்தை நாராக்கிப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. அது கெட்ட பொருள் இல்லை, வழுவழுவென்று பெயின்ட் பிடிக்கும். ஆனால் சிங்க்குக்குக் கீழே வேண்டாம். ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் குடித்து உப்பினால் பழைய நிலைக்கு வராது.

கிச்சனில் கடப்பா கல் தடுப்புகள் ஏற்கெனவே இருந்தால் பாக்ஸே தேவைப்படாது. ஷட்டரும் கூடைகளும் மாட்டினால் போதும். இதை 'செமி மாடுலர்' என்கிறார்கள். செலவு நன்றாகக் குறையும். அதனாலோ என்னவோ, நாமாகக் கேட்காத வரைக்கும் யாரும் சொல்வதில்லை.

அடுத்து எம்.ஆர்., பி.டபிள்யூ.பி. என்ற இரண்டு பிளைவுட் ரகங்கள். எம்.ஆர். என்பது மாய்ஸ்ச்சர் ரெசிஸ்டன்ட். காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், அவ்வளவுதான். தண்ணீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. பி.டபிள்யூ.பி. என்பது பாய்லிங் வாட்டர் புரூஃப். கடையில் மரைன் பிளை என்று கேட்டாலும் இதைத்தான் காட்டுவார்கள். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. 710 முத்திரை வேண்டுமென்றால் பலகைத் துண்டு 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனையில் தேற வேண்டும்.

என் சிலிண்டர் 72 மணி நேரம் தாங்காது. ஆசாரியிடம் இரண்டு பலகையிலும் கையகலத் துண்டு கேட்டு வாங்கி வந்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டு, சுண்டச் சுண்டத் தண்ணீர் ஊற்றி நாலு மணி நேரம் கொதிக்கவிட்டேன். வீடெல்லாம் பசை நாற்றம். மதியத்துக்குள் எம்.ஆர். துண்டின் ஓரம் மழையில் நனைந்த டைரி மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. மற்றது கறுத்துப்போனதே தவிர, நகத்தை விட்டுக் கிளறினாலும் அசையவில்லை. அன்றே முடிவு செய்தோம்: கிச்சனுக்கும் வாஷ்பேசின் அலமாரிக்கும் பி.டபிள்யூ.பி., பெட்ரூம் வார்ட்ரோபுக்கு எம்.ஆர். வீடு முழுக்க உசத்தியானது போட வேண்டிய அவசியம் இல்லை. பலகை வந்து இறங்கும் அன்று நேரில் போய் நில்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணை அடித்தால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும்.

பலகைக்கு மேலே ஒட்டும் தாள் லேமினேட். வெளியே 1 மி.மீ. கனம் கேளுங்கள். உள்பக்கம் ஒட்டும் மெல்லிய வெள்ளைத் தாளுக்கு லைனர் என்று பெயர். பலகையை அறுத்த விளிம்பை மூடும் பட்டை எட்ஜ் பேண்ட். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் தண்ணீர் உள்ளே போகும் வாசலே அதுதான். கதவுகளுக்கு 2 மி.மீ., உள்ளே 0.8 மி.மீ. என்று எழுத வைத்தேன். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் முகப்பு, பி.யு. என்ற பாலியூரிதேன் பெயின்ட் எல்லாம் லேமினேட்டுக்குப் பதிலாகப் போடும் பளபளப்பு வகைகள். காசு கூடக் கூடப் பளபளப்பும் கூடும், கூடவே கைரேகையும். சாம்பார்க் கையோடு கதவைத் திறக்கும் வீடு எங்களுடையது. பளபளப்பில்லாத மேட் லேமினேட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது அளவு. பணம் கசிவது பெரும்பாலும் இங்கேதான். வார்ட்ரோபைச் சதுர அடியில் சொல்வார்கள். அது முகப்பின் பரப்பளவு மட்டும்: அகலம் பெருக்கல் உயரம், உள்ளாழம் கணக்கில் வராது. 6 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 42 சதுர அடி. அதன் தலைக்கு மேலே லாஃப்ட், நம்ம பரண், 2 அடி உயரம் என்றால் இன்னொரு 12. லாஃப்டுக்குப் பல இடங்களில் தனி ரேட், குறைந்த ரேட். மொத்தத்தையும் 54 என்று ஒரே ரேட்டில் போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிச்சனுக்கு ரன்னிங் ஃபீட், அதாவது சுவரோரமாக நீளம் மட்டும். எங்களுடையது எல் வடிவக் கிச்சன். ஒரு சுவர் 8 அடி, இன்னொன்று 6. கொட்டேஷனில் 14 என்று போட்டிருந்தது. எட்டும் ஆறும் பதினாலு, ஒன்றாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் மேடையின் ஆழம் 2 அடி ஆயிற்றே. மூலையில் இருக்கும் அந்த 2 அடி இரண்டு சுவரிலும் எண்ணப்பட்டிருக்கிறது. கன்ட்ராக்டரை உட்கார வைத்து, நோட்டில் படம் போட்டு, மூலையைப் பென்சிலால் கறுப்பாக்கிக் காட்டினேன். "எல்லாருக்கும் இப்படித்தாம்மா போடுறோம்" என்றார். எல்லாரும் தப்பாகப் போட்டால் விடை சரியாகிவிடாது தம்பி என்றேன். அடிக்கு 4,000 ரூபாய் ரேட், 8,000 குறைந்தது. சிலர் மூலைக்கென்று தனி விலை போடுவார்கள். அது நியாயம், உள்ளே சுழலும் தட்டெல்லாம் வைக்க வேண்டியிருக்கும். தனி விலையும் போட்டு, இரண்டு தடவை எண்ணவும் செய்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சில சொற்களுக்கு இரண்டு முகம். ஸ்கர்ட்டிங் என்றால் தரையை ஒட்டிச் சுவரில் ஓடும் நாலங்குல டைல் பட்டை. கிச்சன்காரர் அதே சொல்லைச் சொன்னால் பாக்ஸுக்கு அடியில் கால்களை மறைக்கும் பட்டை. எலிவேஷன் என்றால் கட்டட மேஸ்திரிக்கு வீட்டின் முகப்பு; டிசைனருக்கு ஒரு சுவரை நேராக நின்று பார்த்த வரைபடம், அளவுகளோடு. அந்த வரைபடத்தை அவசியம் கேட்டு வாங்குங்கள். அழகழகாக அனுப்பும் 3டி படத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எங்கள் 3டி படத்தில் ஹாலில் ஒரு மரப் பேனல், தரை விரிப்பு, ஆளுயரச் செடி, தொங்கும் விளக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, இது கொட்டேஷனில் எத்தனையாவது வரி என்று கேட்டேன். விளக்குக்கு மட்டும் வரி இருந்தது. அதுவும் ஒன்றுக்கு.

ஃபோயர் என்று ஒரு பக்கமே எழுதியிருந்தார்கள். வாசல் கதவுக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள இடமாம். கும்பகோணத்துப் பாட்டி வீட்டில் அதற்கு ரேழி என்று பெயர், செருப்பும் குடையும் அங்கேதான் கிடக்கும். நிஷ் என்பது மாடம். டேடோ என்பது கிச்சன், பாத்ரூம் சுவரில் ஒட்டும் டைல். எத்தனை அடி உயரம் வரை என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

ஃபால்ஸ் சீலிங் ஹாலுக்கு மட்டும் போட்டோம். நடுவைத் திறந்து விட்டுச் சுற்றிலும் ஓரமாக ஓட்டுவது பெரிஃபெரல். அதன் விளிம்புக்குள் விளக்குப் பட்டையை ஒளித்து வைப்பது கோவ். ஃபேன் கொக்கி கான்கிரீட்டிலிருந்து இறங்க வேண்டும், ஜிப்சம் பலகையில் மாட்டக் கூடாது. விளக்கு வாங்கும்போது வாட்டைப் பார்ப்பது போல, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வினையும் பாருங்கள். 3000 மஞ்சள், 6500 பளீர் வெள்ளை, 4000 நடுவாந்தரம். கிச்சன் மேடைக்கு மேலே மஞ்சள் போட்டால் கீரையில் புழு தெரியாது.

எர்கனாமிக்ஸ் என்ற பெரிய சொல்லுக்கு நான் கண்ட அர்த்தம் இதுதான்: மேடை உயரத்தைப் படத்தில் பார்க்காமல், சமைக்கிற ஆளை நிற்க வைத்து அளக்க வேண்டும். 36 அங்குலம் என்று வரைந்திருந்தார்கள். நான் ஐந்தடி. அந்த உயரத்தில் சப்பாத்தி தேய்த்தால் தோள் தூக்கிக்கொள்ளும். இஸ்திரி மேசையை ஏற்றி இறக்கிப் பார்த்து 33 என்று சொன்னேன். மகள் என்னைவிட உயரம், அவள் முறைத்தாள். சமைப்பது யார் என்று கேட்டேன். அப்புறம் 33 தான். கிரைண்டருக்கு இடமும் பிளக் பாயின்ட்டும் படத்திலேயே இல்லை. உங்கள் படத்திலும் இருக்காது, பாருங்கள்.

கடைசியாக ஸ்னாக் லிஸ்ட். வேலை முடிந்தது என்று அவர்கள் சொன்ன பிறகு நாம் எழுதும் குறைப் பட்டியல். கீறல், இடிக்கும் கதவு, சாஃப்ட் குளோஸ் என்று சொல்லிவிட்டு டமால் என்று சாத்தும் டிராயர் எல்லாம் இதில் வரும். இதற்காகத்தான் கடைசித் தவணையாகப் பத்து சதவீதமாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் பட்டியல் எழுதவில்லை. ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, குறை கண்ட இடத்தில் எல்லாம் ஒன்று ஒட்டினேன். மொத்தம் 23. ஆசாரி ஒவ்வொன்றாகச் சரிசெய்து, பொட்டைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். இருபத்திரண்டு வந்தது. ஒன்று இன்னும் லாஃப்ட் கதவில் இருக்கிறது, அந்த ஹிஞ்ச் கிறீச்சிடுகிறது. "திங்கக்கிழமை வரேன் டீச்சரம்மா" என்று சொல்லியிருக்கிறார்.