ஜாவாவில் எல்டாப் லாகின்: பாஸ்வேர்டை எங்கே வைப்பது, எப்படிக் கொடுப்பது

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குச் சாயங்காலம் நாலைந்து பசங்க லேப்டாப்போடு வருவார்கள். போன வாரம் ஒரு தம்பி, "அண்ணா, எல்டாப் சர்வர்ல கனெக்ட் ஆகுது, ஆனா யாரைத் தேடினாலும் ஒண்ணும் வரல" என்றான். எல்டாப் என்றால் நிறுவனத்து ஆட்களின் பெயர், அக்கவுண்ட் விவரங்கள் இருக்கும் டைரக்டரியில் தேடவும் லாகின் செய்யவும் உதவும் முறை. காரணம் கடைசியில் வரும், முதலிலிருந்து போவோம்.

லாகின் செய்ய யூசர்நேம் மட்டும் போதாது, முழு டிஎன் (டைரக்டரியில் அந்த அக்கவுண்டின் முழுப் பெயர்) வேண்டும். அதை வீட்டு முகவரி மாதிரி படியுங்கள்: கதவு எண், தெரு, தண்டையார்பேட்டை, சென்னை 81. டிஎன்னும் அப்படித்தான், முதலில் யூஐடி (யூசரின் அடையாளம்), அப்புறம் அது இருக்கிற ஓயூ (பிரிவு), கடைசியில் டிசி என்று நிறுவனத்தின் டொமைன். வரிசை மாறினால் ஆள் கிடைக்காது. படிக்க மட்டும் உரிமை உள்ள தனி அக்கவுண்டாகக் கேட்டு வாங்குங்கள், அட்மின் அக்கவுண்ட் வேண்டவே வேண்டாம்.

இனி ஜாவா கோட். எல்டாப்போடு பேச ஜாவாவில் இருக்கும் லைப்ரரி ஜேஎன்டிஐ. அதற்கு ஒரு ஹாஷ்டேபிள் (பெயரும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் பட்டியல்) எடுத்து, இனிஷியல் கான்டெக்ஸ்ட் ஃபேக்டரி, ப்ரொவைடர் யூஆர்எல் இரண்டையும் போடுங்கள். யூஆர்எல்லில் போர்ட் 636, அதாவது என்கிரிப்ட் செய்த எல்டாப்ஸ். சாதாரண எல்டாப் போர்ட்டான 389இல் டிஎல்எஸ் என்கிரிப்ஷன் இல்லாமல் சிம்பிள் பைண்ட் (பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து லாகின்) செய்தால் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் அப்படியே போகும். செக்யூரிட்டி ஆதென்டிகேஷனுக்கு 'சிம்பிள்', செக்யூரிட்டி பிரின்சிபலுக்கு டிஎன், செக்யூரிட்டி கிரெடென்ஷியல்ஸுக்குப் பாஸ்வேர்டு. சர்டிஃபிகேட் பிழை வந்தால் சர்வரின் சிஏ சர்டிஃபிகேட்டை (சர்வர் சர்டிஃபிகேட்டைக் கொடுத்தவருடையது) ஜாவாவோடு வரும் கீடூல் கமாண்டால் ஜாவாவின் ட்ரஸ்ட்ஸ்டோரில் (நம்பும் சர்டிஃபிகேட்டுகளின் பட்டியல்) சேருங்கள்.

பாஸ்வேர்டைக் கோட் ஃபைலில் எழுதவே எழுதாதீர்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒருவர் எழுதி, கோடின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) ஏற்றிவிட்டார், அடுத்த கமிட்டில் அழித்தும் பழைய ஹிஸ்டரியில் அது அப்படியே இருந்தது, கடைசியில் பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே இருந்து ப்ரோகிராமுக்குக் கொடுக்கும் மதிப்பு) வைத்து, ப்ரோகிராம் ஓடும்போது படியுங்கள்.

தம்பி மாட்டிக்கொண்டது இங்கேதான். அந்த வேரியபிளே இல்லையென்றால் நல் (null, மதிப்பே இல்லை) வரும், ஹாஷ்டேபிள் நல்லை ஏற்காமல் ப்ரோகிராம் நின்றுவிடும், பிழை உடனே தெரியும். ஆனால் அவன் வேரியபிள்களை எழுதி வைத்த ஃபைலில் பெயர் இருந்தது, சமக்குறிக்குப் பிறகு ஒன்றுமில்லை. பாஸ்வேர்டு காலியாக இருந்தால் ஜேஎன்டிஐ சத்தமில்லாமல் சிம்பிளை விட்டுவிட்டு, பெயரில்லாத ஆளாக உள்ளே போகும். சர்வர் அதை அனுமதித்தால் பிழையே வராது. தேடல் காலியாக வந்தது அதனால்தான். இதே கோட் வைத்து யூசர் லாகினைச் சரிபார்த்தீர்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம், பாஸ்வேர்டு பெட்டியைக் காலியாக விட்ட எவரும் யார் பெயரிலும் நுழையலாம். ஆகவே பைண்டுக்கு முன்னால் ஒரு இஃப் போடுங்கள்: காலியா, அங்கேயே நிறுத்து.

சரி, சோதனை. வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு கொடுங்கள், பிழை எண் 49 வர வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி என்றால் அந்த வரியிலேயே 'டேட்டா' என்று இன்னொரு எண் இருக்கும்: 525 என்றால் அப்படி யூசரே இல்லை, 775 என்றால் அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது. அடுத்து காலிப் பாஸ்வேர்டு கொடுங்கள், உங்கள் இஃப் தடுக்க வேண்டும். அப்புறம் சரியானதைக் கொடுத்து, உங்கள் பெயரையே தேடிப் பார்த்துவிட்டு, ஃபைனலி பிளாக்கில் கான்டெக்ஸ்டை (அந்த இணைப்பை) க்ளோஸ் செய்யுங்கள்.