வீட்ல கட்டுற பிளேனுக்கு எஞ்சின் வாங்குறதுக்கு முன்னாடி

பிளேன் கட்ட ஆரம்பிக்கிற முக்கால்வாசிப் பேர் முதல்ல கேக்குறது "எத்தன ஹெச்பி போடலாம்"னுதான். அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உங்க டிசைனோட பிளானை எடுங்க, குறைஞ்சது இவ்ளோ பவர், அதிகபட்சம் இவ்ளோ பவர், முன்னாடி இவ்ளோ எடைதான் தாங்கும்னு டிசைனர் எழுதியிருப்பாரு, எஞ்சின் தேடுறதெல்லாம் அந்த எல்லைக்குள்ளதான். உதாரணமா வான்ஸ் ஆர்வி-9ங்கிற, வீட்ல கட்டுற ரெண்டு சீட் பிளேனுக்கு 118ல இருந்து 160 ஹெச்பி வரைக்கும்தான். "இன்னும் ஒரு இருபது சேத்துப் போட்டா என்ன"ன்னு தோணும், நல்லா ஏறும்தான், ஆனா நேரா பறக்கும்போதே வேக உச்சவரம்ப தாண்டிட வாய்ப்பிருக்கு, அங்க ஃப்ளட்டர் (காத்து வேகத்துல இறக்கை, வால் தானா படபடன்னு அதிர்றது) வந்துச்சுன்னா இறக்கை பிஞ்சு போறதுக்கு சில செகண்ட் போதும்.

அடுத்தது எடை, ஏமாறுற இடமே இதுதான். பிரோஷர்ல போடுற எடை வெறும் எஞ்சினோடது. எக்ஸாஸ்ட், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மவுண்ட், ஆயில், ரேடியேட்டர்னு எதையெல்லாம் சேத்திருக்காங்க எதை விட்டிருக்காங்கன்னு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி. சின்ன பிளேன்கள்ல பரவலா போடுற ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின் வெறுமனே 57 கிலோ பக்கம் இருக்கும், எல்லாத்தையும் மாட்டினப்புறம் 70ஐத் தாண்டிரும். அதனால ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கிற தடுப்பு) முன்னாடி வர்ற மொத்தத்தையும், புரொபெல்லரும் சேத்து, எழுதிக் கூட்டுங்க.

ஒரு கணக்கு பாருங்க. பிளான்ல சொன்னதவிட 15 கிலோ கூடுதல், அது சிஜிக்கு (பிளேனோட எடை மையம்) 1.2 மீட்டர் முன்னாடி உக்காருதுன்னா, அதை சமன் பண்ண 4 மீட்டர் பின்னாடி வால்ல 4.5 கிலோ ஈயம் வைக்கணும், ஆக கூடினது 15 இல்ல 19.5 கிலோ, அதுவும் ரெண்டு கோடியிலயும் எடை இருந்தா ஸ்பின்ல (பிளேன் சுழன்டுக்கிட்டே கீழ விழறது) இருந்து வெளிய வர்றதும் கஷ்டமாகும்.

இப்ப ஹெச்பிக்கு வரலாம். எந்த ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) அந்தப் பவர், எவ்ளோ நேரம் அப்படியே ஓடும்னு சேத்துக் கேளுங்க. 912 யூஎல்எஸ் 100 ஹெச்பி குடுக்குறது 5800ல, அதுவும் 5 நிமிஷம்தான், தொடர்ந்து ஓட்ட 5500தான். லைகாமிங் ஓ-320 மாதிரி பழைய பெரிய எஞ்சின் 2700லயே 150, 160 குடுத்துரும், நேரா புரொபெல்லர மாட்டிக்கலாம். 5800ல நேரா மாட்ட முடியாது, 72 இன்ச் புரொபெல்லர் நுனி 2700லயே செகண்டுக்கு 259 மீட்டர் ஓடுது, 5800னா 550க்கு மேல, அது சத்தத்தோட வேகத்தையே தாண்டிப் போயிரும், இழுவை போய் இரைச்சல்தான் மிஞ்சும். அதுக்குத்தான் ரோடாக்ஸ்ல 2.43க்கு 1னு கியர்பாக்ஸ், புரொபெல்லர் 2400 பக்கத்துலதான் சுத்தும். இன்னொன்னு, டர்போ இல்லாத எஞ்சின் 8000 அடியில ஃபுல் த்ராட்டில் குடுத்தாலும் முக்கால் பங்குக்கு மேல தராது, உயரமான ஓடுதளத்துல இருந்து கிளம்புறவங்க இதை முதல்லயே கணக்குல வச்சுக்கோங்க.

கார் எஞ்சின் போடலாமான்னு கேட்டா, போடலாம், ஆனா காசு மிச்சமாகும்னு போடாதீங்க. கார் ரோட்ல போகும்போது அதோட பவர்ல சின்னப் பங்கதான் கேக்குது, பிளேன் மணிக்கணக்கா 75 சதவீதம் கேக்கும். கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) பிரச்சனை வேற, புரொபெல்லர் முன்னாடி இழுக்குது, திரும்பும்போது சுத்துற பம்பரம் (கைரோ) மாதிரி கிராங்க் நுனிய வளைக்குது, கார்ல அந்த வேலையே கிடையாது. பிளேனுக்கு மாத்துன ஷெவ்ரலே கோர்வைர் கார் எஞ்சின்ல கிராங்க் உடைஞ்சப்புறம்தான் முன்னாடி அஞ்சாவது பேரிங்னு ஒன்னு சேத்தாங்க. சுபாரு மாதிரி வேகமா சுத்துறதுக்கு கியரோ பெல்ட்டோ வேணும், அங்கதான் முறுக்கு அதிர்வு வந்து நிக்கும். அதனால நீங்க போடப்போற அதே எஞ்சின், அதே ரிடக்ஷன் (வேகத்தக் குறைக்கிற கியர் இல்ல பெல்ட்), அதே புரொபெல்லர் மூணும் சேந்து நூத்துக்கணக்கான மணி நேரம் பறந்திருக்கான்னு விசாரிங்க. ஃபோக்ஸ்வேகன் கன்வர்ஷன் சின்ன பிளேனுக்கு நல்லாவே ஓடும், ஆனா சிலிண்டர் ஹெட் சூட்டைப் பாத்து ஓட்டணும், டேக்ஆஃப் பவர்லயே ரொம்ப நேரம் ஏறக் கூடாது.

ரோடாக்ஸ் 582 மாதிரி டூ-ஸ்ட்ரோக் எடைக்கு அருமை, 65 ஹெச்பி. ஆனா ஓவர்ஹால் (முழுசா பிரிச்சு சரிபண்றது) 300 மணி நேரத்துல, ஓ-320க்கு 2000. மெதுவா பறக்குற அல்ட்ராலைட்டுக்குப் போதும், ஊர் விட்டு ஊர் போற பிளேனுக்கு நான் போட மாட்டேன்.

எந்தப் பெட்ரோல் கிடைக்கும்னும் பாத்துக்கோங்க. 912 கார் பெட்ரோல்ல சந்தோஷமா ஓடும் (யூஎல்எஸ்னா ஆக்டேன் 95 வேணும்), ஈயம் கலந்த ஏவ்கேஸ் (பிளேன் பெட்ரோல்) தொடர்ந்து போட்டா ஆயில் மாத்துற இடைவெளி பாதியாக் குறையும். பழைய கார்புரேட்டர் எஞ்சின்னா கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்கு சூடான காத்து விடுற அமைப்பு) கட்டாயம், மழை ஈரமா இருந்தா வெயில் நாள்லயும் உள்ள ஐஸ் கட்டும். எலெக்ட்ரானிக் இக்னிஷன்னா ஆல்டர்னேட்டர் போனப்புறம் பேட்டரியில எத்தன நிமிஷம் ஓடும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைங்க, பேட்டரி இல்லாமலே தானா ஸ்பார்க் குடுக்குற மேக்னிட்டோவுக்கு அந்தக் கவலை இல்ல.

பழைய எஞ்சின் வாங்கினா மணி நேரம் கம்மின்னு மயங்காதீங்க. லைகாமிங்ல கேம்ஷாஃப்ட் (வால்வுகளத் திறக்கிற தண்டு) மேல இருக்கு, வருஷக்கணக்கா சும்மா கிடந்தா ஆயில் வடிஞ்சு துரு ஏறிரும், 10 வருஷத்துல 200 மணி நேரம் ஓடினத விட வாராவாரம் பறந்து 900 ஓடினத நான் எடுப்பேன். கம்ப்ரெஷன் பாருங்க, சிலிண்டருக்குள்ள போர்ஸ்கோப் (குழாய் மாதிரி சின்ன கேமரா) விட்டுப் பாருங்க, ஆயில் ஃபில்டர அறுத்து மெட்டல் தூள் இருக்கான்னு பாருங்க. புரொபெல்லர் தரையில அடிச்சிருந்தா லாக்புக்ல கண்டிப்பா எழுதியிருக்கணும், அடிச்சப்புறம் பிரிச்சு கிராங்க் சோதிச்ச பேப்பர் இல்லன்னா விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் திரும்பி வந்துருங்க.