சிப் சாவி காருக்கு ரிமோட் ஸ்டார்ட் போடுவது: பாளையங்கோட்டை வெயிலில் செய்து பார்த்த வழி

கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வெட்டவெளியில் நின்ற காரின் கதவைத் திறந்தால் முகத்தில் எப்படி அடிக்கும் என்று திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீட் பெல்ட் கொக்கியைத் தொட்டாலே கை சுடும். முழங்கால் வைத்தியத்துக்கு அம்மாவை வாராவாரம் ஹைகிரவுண்ட் பக்கம் கூட்டிப்போன நாட்களில், வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிற்கிற வண்டியைப் பத்து நிமிடம் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து ஏசியை ஓடவிட்டால் என்ன என்று தோன்றியது. எங்களுடையது பட்டன் ஸ்டார்ட் இல்லை, சாவி போட்டுத் திருப்புகிற வண்டி, கை கியர், சாவிக்குள் சிப். அப்புறம் சொந்தத்தில் இன்னும் இரண்டு வண்டிகளுக்கும் செய்தாயிற்று. அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இன்ஜினை ரிமோட்டில் ஓடவைப்பது இந்த வேலையில் சின்னப் பங்குதான். ஓடக்கூடாத நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி நேரம் போகும், போகவும் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்த கிட்டை வாங்காதீர்கள். வண்டி வாரன்டியில் இருந்தாலும் தொடாதீர்கள், பிறகு எந்த எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். இப்போது வருகிற சில மாடல்களில் கம்பெனியிலேயே இந்த வசதி உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126: பொது இடத்தில் வண்டி நின்றால் லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டிருக்க வேண்டும். அதனால் டவுன் ரத வீதியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குள்ளிருந்து பட்டனை அமுக்குவதற்கு இது ஆகாது. சொந்தக் காம்பவுண்டு, சொந்தத் தோட்டம், அவ்வளவுதான். அதுவும் ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் கூடவே கூடாது, புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, வீட்டுக்குள் புகுந்தாலும் தெரியாது.

சரி, சிப்புக்கு வருவோம். சாவியின் பிளாஸ்டிக் தலையைப் பிளந்தால் உள்ளே நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புத் துண்டோ, சின்னக் கண்ணாடிக் குழாயோ இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. கதவு திறக்கிற பட்டனுக்குத்தான் பேட்டரி, இரண்டும் வேறு வேறு. சாவித் துவாரத்தைச் சுற்றி ஸ்டீயரிங் கவருக்குள் ஒரு காயில் வளையம் இருக்கிறது. நீங்கள் ஆன் நிலைக்குத் திருப்பியதும் அந்த வளையம் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும், சிப் அதிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும், இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு அதைச் சரிபார்த்து, இன்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சம்மதம் கொடுக்கும். சம்மதம் வராவிட்டால் சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது, சிலவற்றில் இன்ஜின் ஒரு விநாடி ஓடி அணைந்துவிடும், டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னும். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். கள்ளச்சாவியில் வண்டி கிளம்பாமல் இருப்பது இதனால்தான்.

ரிமோட் ஸ்டார்ட் கிட்டுக்கு இந்த சிப் கிடையாது. அதனால் பைபாஸ் வேண்டும், அதாவது சாவி போடாமலே இம்மொபிலைசரின் சம்மதத்தை வாங்குகிற வழி. வண்டியின் டேட்டா வயரில் பேசுகிற மாட்யூல் ஒரு வகை, மாடல் பொருந்தினால் அதுதான் சுத்தமான வேலை, ஆனால் என் வண்டிக்குப் பொருந்துகிற ஒன்று கிடைக்கவில்லை. இன்னொன்று உபரிச் சாவிப் பெட்டி. ஒரு சாவியின் சிப்பைச் சின்னப் பெட்டிக்குள் வைத்து, அதைச் சுற்றி ஒரு காயில், சாவித் துவார வளையத்தின் மேல் இன்னொரு காயில், இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே, அதாவது கரன்ட் கொடுத்தால் ஒட்டுகிற சுவிட்ச். ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ரிலே ஒட்டும், பெட்டிக்குள் இருக்கிற சிப்பின் பேச்சு வளையத்துக்குப் போகும். மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள்: இசியுவில் இம்மொபிலைசரையே அழித்துவிடுகிறோம் என்று. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். திருட்டுக்கு இருக்கிற ஒரே நல்ல பூட்டை நாமே கழற்றிக் கொடுப்பதாகிவிடும்.

பெட்டிக்குள் வைக்க கம்பெனி கொடுத்த இரண்டு சாவிகளில் ஒன்றை எடுக்க வேண்டாம். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்கள் அசல் சாவி இரண்டையும் கேட்பார்கள். மூன்றாவதாக ஒரு சிப் வாங்கி வண்டியில் பதிந்துகொள்ளுங்கள், டீலரிடமோ ஸ்கேனர் வைத்திருக்கிற சாவிக் கடையிலோ செய்யலாம். பெட்டிக்குள் போவது சிப் மட்டும், வெட்டிய இரும்புத் தண்டு வேண்டாம்.

அந்த ரிலே ஏன் முக்கியம் என்பதற்குச் சித்தப்பா மகன் வண்டியே சாட்சி. வெளியூரில் ஒரு கடையில் போட்டுக்கொண்டு வந்தான். நன்றாகத்தான் வேலை செய்தது. எனக்கு என்னவோ சந்தேகம், "ஏலே, சிப் இல்லாத வெறும் சாவி ஒன்று வெட்டிக் கொண்டுவா" என்று சொல்லிப் போட்டுத் திருப்பினேன். கிளம்பிவிட்டது. கவரைக் கழற்றினால் ரிலேயே இல்லை, சிப்பை வளையத்தோடு டேப் போட்டுச் சுற்றி வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் இம்மொபிலைசர் இல்லாத வண்டியைத்தான் அவன் ராத்திரி தெருவில் நிறுத்தியிருக்கிறான். வேலை முடிந்ததும் இந்த வெறும் சாவிச் சோதனையை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள்.

காயில் சுற்றுவதற்கு மெல்லிய எனாமல் கம்பி போதும். வளையத்தின் மேல் ஏழெட்டுச் சுற்று, இடைவெளி விடாமல் ஒட்டினாற்போல. அதிகம் சுற்றினால் நல்லது என்று நினைத்து இருபது சுற்றுச் சுற்றினேன், இன்ஜின் ஓடி ஓடி அணைந்தது. பிரித்துப் பிரித்துக் குறைத்து எட்டுக்கு வந்ததும் சாவி விளக்கு ஒழுங்காக அணைந்தது. பெட்டியைச் சாவித் துவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, டேஷ்போர்டுக்குள் ஆழமாக வையுங்கள்.

இனி இக்னிஷன் வயர்கள். கலரை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள். டெஸ்ட் பல்பு வேண்டாம், அது இழுக்கிற கரன்ட் எலக்ட்ரானிக் வயரைக் கெடுக்கும், மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்கள் பக்கமே போகக்கூடாது. ஸ்டீயரிங் கீழ்க் கவரைக் கழற்றினால் சாவி சுவிட்சிலிருந்து வருகிற தடித்த வயர்க் கட்டு தெரியும். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். ஆன் நிலையில் 12 வந்து, ஸ்டார்ட் அடிக்கும்போதும் விழாமல் நிற்பது இக்னிஷன். ஆன் நிலையில் 12 காட்டி, ஸ்டார்ட் அடிக்கும்போது மட்டும் விழுந்துவிடுவது ஆக்சஸரி அல்லது இரண்டாவது இக்னிஷன். ஸ்டார்ட் அடிக்கிற அந்த நேரம் மட்டும் 12 காட்டுவது ஸ்டார்ட்டர். ஸ்டார்ட் அடிக்கும்போது விழுந்துவிடுகிற வயர்களில் எது ஏசி ஃபேனுக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது அவசியம். என் முதல் வண்டியில் இன்ஜின் ஓடியது, காற்று வரவில்லை, அந்த ஒரு வயரை விட்டிருந்தேன்.

அளந்து குறித்துக்கொண்ட பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சால்டர் அடியுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கிற கிளிப் கனெக்டர் வேண்டாம், இந்த வயர்களில் ஓடுகிற கரன்டுக்கு அது சூடேறும், தளரும். சால்டர் போட்டு, சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். மேலே சுற்றுவதற்குச் சாதா கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் வெயிலுக்கு ஆகாது, ஒரு கோடை தாண்டுவதற்குள் பசை உருகி வழிந்து டேப் தானாகக் கழன்று தொங்கும், துணி டேப்தான் நிற்கும். ஃபியூஸ் பேட்டரி வயர் பக்கமாக, கூடியவரை அருகில். நெகட்டிவை பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று கிட்டுக்குத் தெரிந்தால்தான் அது ஸ்டார்ட்டரை விடும். வோல்டேஜ் ஏறுவதை வைத்துக் கணக்கிடலாம், இன்ஜின் சுற்று வேகத்தைச் சொல்கிற ஆர்பிஎம் வயரைக் கொடுத்தால் இன்னும் நம்பகம். டீசல் வண்டியாக இருந்தால், ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினுக்குள் சூடேற்றுகிற குளோ பிளக் சூடாவதற்குக் காத்திருக்கிற நேரத்தை அமைப்பில் போடுங்கள், பத்துப் பதினைந்து விநாடி.

இனி கை கியர். ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க், நியூட்ரல் தவிர வேறு எதிலும் ஸ்டார்ட்டர் சுற்றாது. கை கியரில் அப்படி இல்லை, வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கமும்கூட. மாமா ஒருவர் வண்டியில் கடையில் கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடுகிற கிளட்ச் சுவிட்சை நேராக ஒட்டிவிட்டிருந்தார்கள், முதல் கியரில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆன உடனே எகிறிப் போய்க் காம்பவுண்டுச் சுவரில் முட்டியது. நடுவில் யாரும் இல்லை. பேரப்பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பதறுகிறது.

அதனால் கை கியர் வண்டிக்கு முன்பதிவு முறை உள்ள கிட் மட்டுமே வாங்குங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, ரிமோட்டை அமுக்கிவிட்டுச் சாவியை உருவ வேண்டும். இன்ஜின் அணையாது. இறங்கி எல்லாக் கதவையும் மூடிப் பூட்டியதும்தான் அணையும். இந்த வரிசை முடிந்தால் மட்டுமே அடுத்த முறை ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகும், இடையில் ஒரு கதவு திறந்தாலும் பதிவு ரத்து. ஆள் இறங்கும்போது கியர் நியூட்ரலில் இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. அதற்காக நான்கு கதவு சுவிட்ச், டிக்கி, ஹேண்ட்பிரேக் சுவிட்ச் எல்லாவற்றையும் கிட்டுக்குக் கொடுங்கள், ஒரு கதவைக்கூட விடாதீர்கள். கண்ணாடி முழுக்க ஏறியிருக்க வேண்டும், திறந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டுக் கியரை மாற்றினால் எந்த சுவிட்சுக்கும் தெரியாது. கிளட்ச் சுவிட்சையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள், ரிமோட் ஸ்டார்ட் நேரத்தில் மட்டும் மூடுகிற மாதிரி தனி ரிலே போடுங்கள். வண்டி நிற்கிற இடம் சரிவாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி நியூட்ரலில் விட வேண்டாம், அந்த இடத்தில் ரிமோட் ஸ்டார்ட்டே வேண்டாம்.

பானட் சுவிட்ச் தனியாக வரும், அதைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பானட்டைத் திறந்து ஃபேன் பெல்ட் பக்கம் ஒருவர் கையை வைத்திருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து யாராவது ரிமோட்டை அமுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பானட் திறந்தால் ஸ்டார்ட் ஆகக்கூடாது, ஓடிக்கொண்டிருந்தால் அணைய வேண்டும். பிரேக் மிதித்தாலும் அதேபோல் அணைய வேண்டும்.

ஓடுகிற நேரம் பத்து நிமிடம் போதும். இறங்கும்போதே ஏசி சுவிட்சையும் ஃபேனையும் ஆன் நிலையில் விட்டுவிட வேண்டும். ஏறியதும் பிரேக்கைத் தொடாமல் சாவியைப் போட்டு ஆன் வரை மட்டும் திருப்புங்கள், அதற்கு மேல் திருப்பினால் ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டர் மோதிக் கர்ரென்று சத்தம் போடும். ஆனில் வந்த பிறகு பிரேக் மிதித்தால் கிட் விலகி வண்டி சாவியின் பொறுப்புக்கு வந்துவிடும். சாவி இல்லாமல் எவனாவது கண்ணாடியை உடைத்து ஏறினாலும் ஸ்டீயரிங் பூட்டு விடாது, பிரேக் மிதித்த உடனே அணைந்தும் போகும்.

எல்லாம் முடிந்ததும் வெட்டவெளியில் நிறுத்தி, முன்னால் யாரும் நிற்காமல், ஒவ்வொன்றாகப் பாருங்கள்: கதவைத் திறந்து, பானட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியரில் போட்டு இறங்கி, வெறும் சாவியை வைத்து. ஐந்திலும் வண்டி கிளம்ப மறுத்தால் கவரை மாட்டலாம். பானட்டுக்குள் "ரிமோட் ஸ்டார்ட் உள்ள வண்டி" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சர்வீசுக்கு விடும்போது கிட்டின் ஆஃப் சுவிட்சைப் போட்டுவிட்டு, ரிமோட்டை வீட்டில் வைத்துவிட்டு, மெக்கானிக் அண்ணாச்சியிடம் வாயாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.