முழங்கால் இடித்த ஸ்கூட்டர்: என் அனுபவம்

என் உயரம் 6 அடி 2 அங்குலம். எடை 108 கிலோ. புதிதாக வாங்கிய 110 சிசி ஸ்கூட்டர் நேர்ச்சாலையில் நன்றாகவே ஓடியது. ஆனால் யூ-டர்ன் எடுக்க ஹேண்டில்பாரை முழுவதும் ஒடித்தால், பிரேக் லீவரின் முனை முழங்காலில் இடித்து, வண்டி பாதித் திருப்பத்திலேயே நின்றுவிடும்.

இருக்கையில் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். மெக்கானிக் சொன்னபடி பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கியதில் வேகத்தடையில் அடி தட்டுவது நின்றதே தவிர, முழங்கால் இடிப்பது நிற்கவில்லை. வேறு வண்டி எடுக்கலாமென்று இருக்கை உயரங்களை ஒப்பிட்டதிலும் ஒரு வாரம் வீணானது. அந்த உயரம் தரையிலிருந்து அளக்கப்படுவது, எனக்கு வேண்டியதோ கால் வைக்கும் தளத்திலிருந்து இருக்கைவரை உள்ள உயரம்.

ஷோரூமில் இது ஏன் தெரியவில்லை என்பது அளவு நாடாவைப் பிடித்தபோதுதான் விளங்கியது. அன்று மெல்லிய செருப்பு அணிந்திருந்தேன். வேலைக்குப் போடும் பாதுகாப்பு ஷூவின் தடித்த அடிப்பாகம் முழங்காலை 3 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டது.

சீட் தைக்கும் கடையில் இருக்கையை 5 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னேன். முதலில் வைத்த மென்மையான ஃபோம் என் எடைக்கு நான்கே நாளில் அமுங்கிப்போனது. அதை எடுத்துவிட்டுக் கெட்டியான ஃபோம் வைத்த பிறகு, ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் முழுவதும் ஒடித்தாலும் லீவருக்கும் முழங்காலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிறது. பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிகின்றன. பெரிய நிம்மதி.

உயரமானவர்கள் ஸ்கூட்டர் வாங்கும்போது, தினமும் அணியும் காலணியோடு உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பார்க்க வேண்டும்.